எலிசாவின் ஓய்வுநாள்

எனக்கும் ஆத்துமா என்று ஒன்று இருக்கிறதே, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கர்த்தர் ஞாயிற்றுக்கிழமையை எலிசாவுக்கு மட்டுமா உண்டாக்கினார்?

வெந்நீர்ப் பானையை இறக்கிவைத்தபடி நேசபாய் இப்படித்தான் நினைத்தாள். வெளியே ஆராதனைக்கு மணி அடித்து ஓய்ந்திருந்தது. தக்கலைக்கு மேற்கே இருந்த அந்தச் சர்க்கார் ஆசுபத்திரியில் அவளும் எலிசாவுமாக இரண்டே மருத்துவச்சிகள். இருவரும் ஒரே சபை. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டாத வீடுகளில் வளர்ந்தவர்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும் என்று டாக்டர் தாணுமாலயன் சொன்னபோது நேசபாய் தலையை ஆட்டிவிட்டாள். சில வருஷம் கழித்து வந்த எலிசாவோ, ஓய்வுநாளில் சர்க்கார் வேலை செய்ய மனசாட்சி இடம் கொடுக்காது என்று நின்ற இடத்திலேயே சொன்னாள். டாக்டர் சீறுவார் என்று நேசபாய் ஆசையோடு காத்திருந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு வருகிற மனிதர் அவர். ஆனால் சீறவில்லை; தன் தெய்வத்துக்காக ஒரு பெண் இப்படி நிற்கிறாளே என்று மெச்சினார். அன்றுமுதல் ஞாயிறெல்லாம் நேசபாயின் தலையில் விழுந்தன.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைத்து, ஞாயிறன்று சபையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் வழக்கம். நேசபாய் தன் பிடியரிசியை எலிசாவிடம் கொடுத்தனுப்புவாள். சபையிலேயே அதிகமாகக் கொண்டுவருகிறவள் எலிசாதான் என்று போதகர் குமாரதாஸ் ஒருநாள் பிரசங்கத்தில் சொன்னாராம். எலிசாவே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். தூக்கிப்போக எளிதென்று இரண்டையும் ஒரே பையில் கொட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அதைத்தான் நேசபாயால் பொறுக்க முடியவில்லை. திருடியிருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வயிற்றில் குறுக்கே கிடந்த பிள்ளையோடு ஒருத்தியைக் கட்டிலில் கொண்டுவந்தார்கள். அலறல் கேட்டு, ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்த எலிசா மதிலோரம் தயங்கி நின்றாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பாள். நேசபாய் கொடுக்கவில்லை. போகட்டும், இந்தப் பாவம் அவள் கணக்கில் சேரட்டும் என்று நினைத்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த நினைப்பு போகவில்லை. அதைச் சபையில் போய் முழங்காலிட்டுச் சொல்லலாமென்றால், ஞாயிறு அவளுக்கு ஏது?

இந்த வாரம் திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. மருத்துவச்சிகள் ஞாயிறுகளை மாறிமாறிப் பார்க்கவேண்டும். மறுக்கிறவள் வேலையை விட்டுப் போகலாம். ஒருத்தி தானாகவே எல்லா ஞாயிறும் ஏற்றுக்கொண்டால் மட்டும் தடையில்லை. கேட்டதும் நேசபாயின் நாக்கில் ஒரு தித்திப்பு ஊறியது. மன்னியும் ஆண்டவரே என்று ஜெபித்தாள். தித்திப்பு போகவில்லை.

அந்த ஞாயிறு மாலையே போதகர் எலிசாவையும் கூட்டிக்கொண்டு நேசபாயின் வீட்டுக்கு வந்தார். நேசபாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எலிசா காலையில் உடுத்த வெள்ளைச் சேலை கசங்காமலே இருந்தது. தன் சேலையில் டெட்டால் நெடி. போதகர் சுற்றி வளைத்துத்தான் பேசினார். எலிசாவின் உறுதி சபைக்கே சாட்சி, வாலிபப் பெண்கள் அவளைப் பார்த்துத்தான் விசுவாசத்தில் வளர்கிறார்கள், அது அணைந்துபோகலாமா என்றார். கடைசியில் நேசபாயின் பக்கம் திரும்பி விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு டாக்டருகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், மக்களே. எல்லா ஞாயிறும் நானே பாத்துக்கிடுதேன்னு. ஒன் ஊழியத்தையும் கர்த்தர் பாக்காமலா இருக்காரு?"

நேசபாய் எலிசாவைப் பார்த்தாள். இவள் கெஞ்சட்டும் என்று மனசு காத்திருந்தது. எலிசா கெஞ்சவில்லை. அக்கறையோடு சொன்னாள்:

"ஒங்களுக்கு அது பழகிப்போச்சுல்லா, எக்கா. எனக்குத்தான் நெஞ்சு பதறும்."

பழகிப்போனதாம். ஒவ்வொரு ஞாயிறும் மணி ஓய்கிறவரை கையில் வேலை ஓடாமல் நின்றது இவளுக்குத் தெரியாது. தெரியும்படி தானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நேசபாய் தனக்குள் துழாவிப் பார்த்தாள். நியாயம் என்று பேர் வைக்கக்கூடியது கொஞ்சம் கிடந்தது, மிச்சமெல்லாம் பொறாமைதான். அதைக் கழுவிவிட்டு நல்லவளாகப் பேச இன்று அவளுக்குத் தெம்பில்லை. பொறாமையோடு வந்தாலும் ஆண்டவர் வாசலில் தள்ளமாட்டார் என்று மட்டும் தோன்றியது.

போதகர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சொல்லமாட்டேன், ஐயரே," என்றாள் நேசபாய், குரலை உயர்த்தாமல். "அடுத்த ஞாயிறு எலிசா ஆசுபத்திரியில நிக்கட்டும். நான் ஆராதனைக்கு வாறேன்."