வரைபடத்தில் இல்லாத குழி

“பெட்டி எல்லாத்தையும் பிரிக்காத ரோகிணி. மூணு வருஷம்தான். அப்புறம் மறுபடியும் கட்டணும்.”

“மிக்ஸியையுமா கட்டியே வச்சிருக்கறது? சட்னிய எதுல அரைக்கறது?”

“மிக்ஸிய எடுத்துக்கோ. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

“சாமி படம்?”

“எடு, எடு. நான் என்ன நாத்திகனா?”

கல்பாக்கத்துக்குக் குடிவந்த அன்று ரோகிணிக்கும் அவள் கணவன் ஹேமந்துக்கும் நடந்த பேச்சு இது. கோட்டாவிலிருந்து சாமான் ஏற்றி வந்த லாரி வாசலில்தான் நின்றிருந்தது. அணு ஆராய்ச்சி நிலையத்து என்ஜினீயருக்கு வாழ்க்கைப்பட்டால் ஊர் ஊராகப் போகத்தான் வேண்டும் என்று திருச்சியில் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். ரோகிணியும் போனாள். எந்த ஊருக்கும் மூக்கால் அழுததில்லை. பையன் ஆதித்யா ஒவ்வொரு ஊரிலும் ஒரு மொழியைக் கற்று, அடுத்த ஊரில் அதை மறந்தான்.

சொன்ன மூன்று வருஷம் ஆறாகி, 2003 வந்துவிட்டது. பரண்மேல் இருந்த பெட்டிகளை ரோகிணி கடைசிவரை பிரிக்கவில்லை. ஆனால் வேறொன்றைப் பிரித்துப் பரப்பிவிட்டாள். திருவிடந்தைக்கு மேற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, குத்தகைக்கு எடுத்த நிலத்தில் ஒரு கம்போஸ்ட் யார்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் ரிசார்ட்டுகள் முளைத்தன. ரிசார்ட் என்றால் புல்தரை. புல்தரை என்றால் வாரத்துக்கு ஒரு வண்டி வெட்டிய புல், சருகு, தென்னை மட்டை. அதைச் சாலையோரம் கொட்டிக் கொளுத்துவதுதான் வழக்கமாக இருந்தது. புகையில் கண் எரிய பஸ்ஸில் போன ஒரு நாள், தாவரவியல் படித்த ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. “எங்களிடம் கொட்டுங்கள்” என்று ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கினாள். இப்போது நீளநீளமாக எட்டுக் குவியல்கள். மட்காத அடிக்கட்டைகளையும் பனந்தூர்களையும் போட்டு மூட ஓரமாக ஒரு பெரிய பள்ளம். டிராக்டர் ஓட்ட தாவீது. குவியல் கிளற செங்கம்மாளும் அவளோடு ஆறு பெண்களும்.

போன மாதம் ஹேமந்துக்கு இந்தூருக்கு மாற்றல் வந்தது. ஜூனில் சேர வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வழி உண்டு. பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போகும். அதைப் பற்றி அவன் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்ற வார்த்தை, சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதும் அவன் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போதும் தொண்டைவரை வந்து வந்து உள்ளே போயிற்று. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் அவனிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. பழக்கமில்லாத வாய்க்கு அது எளிதாக இல்லை.

அந்த நேரம் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து கடிதம். யார்டில் ஓட்டல் குப்பையைத் திருட்டுத்தனமாகப் புதைக்கிறார்கள் என்று பக்கத்து மாடிவீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி நேரில் வருவார். புகார் உண்மையானால் அனுமதி ரத்து.

“வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் பேசிக்கலாம்” என்றான் ஹேமந்த். அந்த ‘அப்புற’த்துக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். யார்டை மூடிவிட்டால் பேச ஒன்றும் இருக்காது. பெட்டியை இறக்க வேண்டியதுதான்.

மூட விடுவதாக இல்லை ரோகிணி.

அதிகாரி வாசுதேவன் ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பதைத் தொடாத வயது, தேய்த்த சட்டை, முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. ஆனால் வேலை தெரிந்தவர். குவியலுக்குள் நீளக் கம்பி வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். கையளவு எடுத்துப் பிழிந்து ஈரம் பார்த்தார். கிணற்றிலிருந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்து மூடி ஒட்டினார். அடிக்கட்டைப் பள்ளத்தில் இறங்கி, காலால் உதைத்து உதைத்துப் பிளாஸ்டிக் தேடினார். கிடைக்கவில்லை.

“சூடு சரியா இருக்கு. நாத்தமும் இல்ல” என்றார், ஏதோ குறை சொல்வது போல.

“நாறிச்சுன்னா நாங்க எப்டி இங்கயே குந்திகினு சோறு துன்றது?” என்றாள் செங்கம்மாள்.

அவர் யார்டின் வரைபடத்தை விரித்தார். நேராகப் புங்கமரத்துக்குப் பின்னால் நடந்தார். அங்கே புதிதாக மண் தள்ளி மூடிய ஒரு குழி இருந்தது. சுற்றிலும் செங்கல் வரம்பு.

“இது என்ன?”

“குழி” என்றாள் ரோகிணி.

“படத்துல இல்லையே.”

இல்லைதான். அனுமதிக்குப் படம் வரைந்தபோது கிணறு, கொட்டகை, தாவீதின் டிராக்டர் நிற்கும் இடம்வரை குறித்திருந்தாள். இதைக் குறிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பூஜை அலமாரியைப் பாத்திரக் கணக்கில் யாராவது எழுதுவார்களா?

“வெள்ளிக்கிழமை சாயந்திரமானா உங்க ஆளுங்க இங்க மூட்டை மூட்டையா கொண்டுவந்து போடறாங்க. செருப்பக்கூடக் கழட்டிட்டு, சத்தமில்லாம. மாடியிலேர்ந்து பாத்திருக்காங்க” என்றார் வாசுதேவன். “யாருக்கும் தெரியாம போடறதுக்குத்தானே சத்தமில்லாம வர்றது?”

“அது மாலை சார்.”

“என்னது?”

ரோகிணி சொன்னாள். திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாண வரம் கேட்டு வருகிறவர்கள் மாலை சாத்தி, அதில் ஒன்றைப் பிரசாதமாக வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் காயவைத்துக் காப்பாற்றி, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து திரும்பச் சேர்ப்பார்கள். அப்படி வந்து ரிசார்ட்டில் தங்குகிற ஜோடிகளில் சிலர், கடல் பார்த்த மயக்கமோ என்னவோ, மாலையைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தோட்டக்காரர் சருகோடு சேர்த்து வாரி வண்டியில் ஏற்றிவிடுவார். முதல் வருஷம் தாவீது ஒரு மாலையை வெட்டும் மெஷினுக்குள் போடப் போக, செங்கம்மாள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். இன்னொருத்தர் கல்யாணத்தைத் துண்டு துண்டாக நறுக்குவதா? குவியலில் போட்டால் ஏறி மிதித்துக் கிளற வேண்டுமே. அன்றிலிருந்து மாலைகளுக்குத் தனிக் குழி.

“எங்க வூட்லயும் கண்ணால மாலய மிதிக்க மாட்டோம் சார். நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான்” என்றான் தாவீது.

“கதை நல்லாத்தான் இருக்கு” என்றார் வாசுதேவன். “தோண்டுங்க.”

யாரும் அசையவில்லை. செங்கம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“நா தோண்ட மாட்டேன். சார், உனுக்குக் கண்ணாலம் ஆயிட்ச்சா?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“ஆவலயா? அதான் பயம் இல்லாம கேக்கற. நீயே தோண்டிக்கோ. அப்பால பொண்ணு கெடைக்கலன்னு எங்கிட்ட வந்து பேஜாரு பண்ணாத.”

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். வாசுதேவனுக்குக் காது சிவந்தது. அந்த நேரத்தில் கேட்டருகே ஸ்கூட்டர் சத்தம். ஹேமந்த். ஆபீஸ் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவள் கூப்பிடவில்லை, தேதி தெரிந்து, பர்மிஷன் போட்டு வந்திருக்கிறான்.

அதிகாரியிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு விஷயத்தைக் கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பேச்சை முடிக்கப் போகிறான் என்றால்தான் கண்ணாடியைத் துடைப்பான்.

“சார், இதுக்குப் போய் இவ்வளவு பிரச்சினை எதுக்கு? எனக்கு மாற்றல் வந்திருக்கு. ஜூன்ல கிளம்பறோம். யார்ட நாங்களே மூடிக்கறோம். நீங்க நோட்டீஸ் எதுவும் குடுக்க வேண்டியதில்ல. இவ பேர்ல ஒரு கெட்ட பேர் வராம இருந்தா போதும்.”

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் ரோகிணியை எரித்தது. வாசுதேவன் பேனாவைத் திறந்தார். அவருக்கும் அது சுலபமான வழி.

“மூடறதா எழுதித் தர்றீங்களா?”

“அவர் தர முடியாது சார்” என்றாள் ரோகிணி. “அனுமதி என் பேர்ல இருக்கு. நான் மூடல.”

“ரோகிணி, நான் உனக்காகத்தான்…”

“தெரியுதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

செருப்பைக் கழற்றினாள். புடவையை இழுத்துச் செருகினாள். செங்கம்மாள் கீழே வைத்த மண்வெட்டியை எடுத்து, குழியின் ஓரத்திலிருந்து, மேல்மண்ணை மட்டும் வழித்து வழித்து இழுத்தாள். ஏப்ரல் வெயில் முதுகில் விழுந்தது. ஒரு முழம் இறங்கியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மண்டியிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினாள்.

“நைனா, பாத்துகினு நிக்கறியே. பூட்ஸக் கழட்டிட்டுப் போய் ஒரு கை புடி” என்றாள் செங்கம்மாள்.

ஹேமந்த் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, வெள்ளைப் பாதங்களோடு சுடுமண்ணில் துள்ளித் துள்ளி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். ஆறு வருஷத்தில் அவன் இந்த மண்ணில் வெறுங்கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

மாலைகள் வந்தன. மேலே காய்ந்து பழுப்பேறிய ரோஜாவும் சம்பங்கியும். அதற்குக் கீழே நாரோடு நாராக ஒட்டிய கறுப்புப் படலம். இன்னும் கீழே வெறும் மண், மழை நின்ற தோப்பின் வாசனையோடு. ஒரு டப்பா இல்லை, ஒரு எச்சில் இலை இல்லை. ஹேமந்தின் கையில் ஒரு மாலை முழுசாக வந்தது. ஜரிகைக் குஞ்சம் மட்டும் மங்காமல் மின்னியது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

வாசுதேவன் குனிந்தார். அவரும் செருப்பைக் கழற்றியிருந்ததை எல்லோரும் கவனிக்காதது போல இருந்தார்கள்.

“பூ மட்குது. சரி. ஆனா இந்த ஜரிகை? இந்த நைலான் நூலு? இது நூறு வருஷமானாலும் அப்படியே இருக்கும்.”

“அது எங்க தப்பு” என்றாள் ரோகிணி. “பிரிச்சுப் போட்டிருக்கணும். இனிமே பிரிக்கறோம். எழுதிக்கங்க.”

அவர் ஜீப்பின் பானட்டில் வைத்து எழுதினார். அவள் கையெழுத்துக்கு நீட்டினார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“‘அனுமதியற்ற கழிவுக் குழி’ன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அனுமதி இல்லாததுதானேம்மா?”

“அது சரி. கழிவுங்கறத அடிங்க. மாலைக் குழின்னு எழுதுங்க.”

“எங்க விதிகள்ல அப்படி ஒரு வகையே கிடையாது.”

“எங்க யார்டுல இருக்கு. நீங்களே பாத்தீங்க.”

வாசுதேவன் அவளைப் பார்த்தார், மண் அப்பிய அவள் கைகளைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். செங்கம்மாள் இன்னும் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. பெருமூச்சு விட்டு ஒரு சொல்லை அடித்தார். மேலே இன்னொன்றை எழுதினார். ஒரு மாதத்துக்குள் குழியை வரைபடத்தில் சேர்க்க வேண்டும். நூலையும் ஜரிகையையும் பிரித்த பிறகே புதைக்க வேண்டும். மற்றபடி யார்டு நடக்கத் தடையில்லை. ரோகிணி கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரலின் மண்ணும் பதிந்தது.

“தை மாசத்துக்குள்ள ஒனக்கு ஆயிடும் சார்” என்றாள் செங்கம்மாள், ஜீப் கிளம்பும்போது. இந்த முறை வாசுதேவன் சிரித்துவிட்டார்.

பெண்கள் நூலையும் ஜரிகையையும் பிரித்துவிட்டு மாலைகளைத் திரும்பக் குழியில் வைக்கப் போனார்கள். ஹேமந்த் புங்கமரத்து வேரில் உட்கார்ந்து பாதத்திலிருந்து மண்ணைத் தட்டினான். தட்டத் தட்ட அது போகவில்லை. ரோகிணி அவனுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ஜெயிச்சுட்ட” என்றான். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. “சண்ட போட்டா நீ இப்படித்தான் இருப்பியா? எங்கிட்ட ஒரு தடவகூடப் போட்டதில்லையே.”

“நீங்க இடம் குடுத்ததில்ல.”

“சரி. யார்டு பொழச்சுது. ஆனா ஜூன்ல யார்கிட்ட இத ஒப்படைக்கறது? தாவீதுகிட்டயா? அவனுக்கு இங்கிலீஷ்ல கடிதம் எழுத வராதே. செங்கம்மாவா? அதிகாரிய அடிச்சே தொரத்திடுவா. யோசிச்சு வச்சிருக்கியா?”

அவன் கேட்டதில் தப்பில்லை. ஒவ்வொரு ஊரிலும் இப்படித்தான் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு ஊரிலும் அவள் யோசித்து வைத்திருந்தாள். கோட்டாவில் துளசிச் செடியைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம், அதற்கு முந்தைய ஊரில் பாட்டு வகுப்பை இன்னொருத்தியிடம். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் லாரியில் ஏறத் தெரிந்தவள் என்று அவளுக்குப் பேர்.

அதிகாரியிடம் அவ்வளவு பேசிய வாய், இவன் முன்னால் உலர்ந்தது. செம்பிலிருந்து அவளே ஒரு மடக்கு குடித்தாள். அவனுக்கு எதிரே, தரையில், மண்ணோடு மண்ணாக உட்கார்ந்தாள்.

“ஒப்படைக்கலங்க. யார்கிட்டயும் ஒப்படைக்கறதா இல்ல.”

“அப்ப?”

“இந்தூருக்கு நான் வரல. நீங்களும் போகாதீங்க” என்றாள் ரோகிணி. “மாற்றல் வேண்டாம்னு எழுதிக் குடுங்க. ஒரே ஒரு தடவ, எனக்காக நீங்க இருங்க.”