அட்டவணையில் ஒரு சனிக்கிழமை

என் தொழில் லிஃப்ட் பரிசோதனை. வாரத்தில் மூன்று நாள் ஊர் ஊராகப் போய், அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் இருபத்திரண்டு மாடியானாலும் படியேறித்தான் போவேன். அன்றைக்குக் காவலாளி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“லிஃப்ட் நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே படியில ஏறுனா, நாங்க எப்படிம்மா நம்பி ஏறுறது?”

அசடு வழிந்தேன். ஏழு வாரத்தில் எனக்குப் போட்டி என்று அவரிடம் எப்படி விளக்குவது? கடலில் நான்கு கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்ததும் நாற்பத்திரண்டு ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். ஓட்டல் அறையே கதியென்று கிடப்பவளுக்குப் படிதான் கிடைக்கும், படிதான் ஏறுவேன்.

தினமும் என்ன செய்ய வேண்டும் என்று கோச் ஓர் அட்டவணையில் எழுதி வைப்பார். போனில் திறப்பேன், அதில் இருப்பதைச் செய்வேன், கேள்வி கேட்க மாட்டேன். நான் யார் பேச்சையும் கேட்காதவள் என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்டவள் அந்த அட்டவணைக்கு மட்டும் கட்டுப்படுவதில் என் வீட்டுக்காரருக்கு ஒரே பொறாமை.

வியாழன் மாலை, ஓட்டல் அறையில் ஷூவைக் கூடக் கழற்றாமல் சனிக்கிழமைக் கட்டத்தைப் பார்த்தேன். ஐந்து மணி நேரச் சைக்கிள் இருந்த இடத்தில், ‘சைக்கிள் 1 மணி நேரம். மெதுவாக. பேசிக்கொண்டே ஓட்டவும். தனியாகப் போகக் கூடாது’ என்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே போனைப் போட்டேன்.

“என்ன கோச், இவ தேறமாட்டான்னே முடிவு பண்ணிட்டீங்களா? ஏழே வாரந்தான் இருக்கு, ஒரு மணி நேரம் போட்டிருக்கீங்க!”

“நான் அஞ்சு மணி நேரம்தானே போட்டேன்?” என்றார் அவர். “அதை வேற யாராவது திறக்க முடியுமா?”

வீட்டில் பழைய டேப்லெட்டில் அது திறந்தே கிடக்கும். டேப்லெட் என் எட்டு வயது மகளின் கையில் கிடக்கும் என்றேன். நாங்கள் அவளைக் கூப்பிடுவதே வாலு என்றுதான்.

“அப்ப அந்த மூணு ஞாயித்துக்கிழமை?” என் குரல் இறங்கிவிட்டது. “‘முழு ஓய்வு. ஒன்பது மணி வரை தூங்கவும். எழுந்ததும் கதை படிக்கவும், சத்தமாக.’ அது நீங்க போட்டதில்லையா?”

ஏதோ மனப்பயிற்சி என்று நம்பி, மூன்று ஞாயிறும் வாலு நீட்டிய புத்தகத்தைத் தொண்டை கட்டும்வரை படித்திருந்தேன். கோச் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

“ஞாயித்துக்கிழமை நீச்சல் போட்டிருந்தேன். நீங்க செய்யலைன்னதும், சரி, களைப்பா இருக்கும்னு விட்டுட்டேன். ஆனா பாருங்க, அந்த வாரங்கள்லதான் உங்க ஓட்டம் நல்லா வந்திருக்கு. சனிக்கிழமை விடியக்காலைல நாலு மணி நேரம் நீங்க ஓட்டுங்க. அஞ்சாவது மணி நேரம் உங்க பொண்ணு சொன்னபடி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை என்னைப் போகவிடாமல் இழுக்கிறாள் என்றுதான் தோன்றியது. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால், “எனக்கு இது தோணாம போச்சே!” என்று வருத்தப்படுகிறார் அவள் அப்பா.

சனிக்கிழமை நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தபோது, வாலு தன் குட்டி சைக்கிளோடு வாசலில் தயாராக நின்றாள். பூங்காவைச் சுற்றிப் போகும் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம்.

“அட்டவணையில கை வெச்சது நீதானே?”

அவள் மறுக்கவில்லை. “நான் கூப்பிட்டா ‘இரு, அப்புறம்’னு சொல்லுவ. அதுல இருந்தா உடனே செய்வ.”

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கேட்டேன். “அம்மா போட்டிக்குப் போக வேணாமா? நேராச் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்.”

கொஞ்ச தூரம் மிதித்துவிட்டுச் சொன்னாள்.

“ஒரு தடவை அந்தத் தேதியில ‘போட்டி கிடையாது’ன்னு எழுதினேன். அப்புறம் நானே அழிச்சிட்டேன்.”

“ஏன்டா?”

“ஊருக்குப் போயிட்டு வந்தா நீ சிடுசிடுன்னு இருப்ப. ஓடிட்டு வந்தாதான் என்னைத் தூக்கிச் சுத்துவ. போட்டி வேணும்மா. என்னையும் சேத்துக்க, அவ்வளவுதான்.”

பிரேக்கைப் பிடித்துவிட்டேன். காலைத் தரையில் ஊன்றி, நடுத்தெருவில், தலையில் ஹெல்மெட்டோடு அழுதேன். சந்தோஷமா வெட்கமா என்று கேட்டால், இரண்டும்தான்.

முன்னால் போன வாலு திரும்பிப் பார்த்தாள்.

“ஏன் நின்னுட்ட? இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. வா, ஓட்டு.”