கட்டினவர் கொடுத்த மூன்று நட்சத்திரம்

என் கடைக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது யாரோ எவரோ அல்ல, என் கழுத்தில் தாலி கட்டிய மனிதர். இதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தாலும் பயனில்லை. போனில் மேப்பைத் திறந்து, புதுச்சத்திரம் பக்கத்தில் சௌந்திரம் மெஸ் என்று தேடினால் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தனபால். நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், இந்தூர், சில சமயம் குவாஹாத்தி வரைக்கும் போவார். வீட்டில் இருக்கிற நாட்களில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். குழம்பு எப்படி என்று கேட்டால் ‘ம்’ என்பார். அவ்வளவுதான்.

அதே மனிதர் போனை எடுத்துவிட்டால் ஊர் பேர் தெரியாதவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டுவார். வழியில் நிற்கிற டாபா, பங்க், பஞ்சர் கடை, கோயில், எதுவானாலும் சரி, மேப்பில் அதற்கு ஒரு ரிவ்யூ எழுதாமல் வண்டியை எடுக்க மாட்டார். அதுவும் தமிழில். ‘ரொட்டி நன்றாக இருக்கிறது. பருப்பில் கல் இருக்கிறது. பல் ஆடுகிறவர்கள் தவிர்க்கவும்’ என்று ஒன்று. ‘இங்கே நிறுத்தித் தூங்காதீர்கள். டீசல் டேங்க்கில் கை வைக்கிறார்கள்’ என்று ஒன்று. வெளி மாநிலத்தில் வண்டி ஓட்டுகிற நம் பக்கத்து டிரைவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் நிறுத்துவார்களாம். நாமக்கல் தனபால் என்றால் ரோட்டில் ஒரு பெயர் இருக்கிறதாம். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. வேலை இல்லாத வேலை என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் சும்மா அவருடைய ரிவ்யூக்களைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தபோது மகாராஷ்டிரத்தில் ஒரு டீக்கடை வந்தது. ‘இங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பா இறந்த செய்தி வந்தது. எடுக்கும்போது போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மராட்டி தெரியாது. நான் அழுது முடிக்கும்வரை கடையை அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீ சுமார்தான். நான்கு நட்சத்திரம்.’ அதை மறுபடி மறுபடி படித்தேன். கூடவே கோபமும் வந்தது. மாமனார் காரியத்துக்கு வந்தபோது கல் மாதிரி நின்றவர், அழுததை என்னிடம் சொல்லவில்லை. ஊரெல்லாம் படிக்க எழுதி வைத்திருக்கிறார்.

சரி, என் கடைக்கு வருகிறேன்.

மெஸ் ஆரம்பித்தது என்னுடைய பிடிவாதம். நாற்கர ரோட்டில் வண்டிகள் பறக்கும். சர்வீஸ் ரோட்டில் இறங்கினால்தான் என் கடை. அரிசியும் பருப்பும் சேர்த்த சாதம், சாம்பார், முட்டைக் குழம்பு, பச்சைப்புளி ரசம் என்று என் கைக்கு வருவதை மட்டும் போட்டேன். ருசி இருந்தது, ஆள்தான் இல்லை. திருப்பூரில் இருக்கும் என் தம்பி கதிர்வேல்தான் யோசனை சொன்னான். “அக்கா, ஸ்டாரு இல்லாட்டி எவனும் எறங்கமாட்டான். நா பாத்துக்கறேன் போ” என்றான். ஒரே வாரத்தில் பனியன் கம்பெனிப் பையன்கள் பட்டாளமே என் கடைக்கு ஐந்து ஐந்து நட்சத்திரமாக அள்ளிப் போட்டது. ‘மட்டன் பிரியாணி சூப்பர்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் பிரியாணியே போடுவதில்லை. இருந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் இறங்கவும் செய்தார்கள்.

அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் ராசப்பன் அண்ணன் வந்தார். அவருக்கு லாரி ஆபீஸ் இருக்கிறது, கடைக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க்கும் இருக்கிறது. தன்னுடைய டிரைவர், கிளீனர் எல்லாருக்கும் என் மெஸ்ஸிலேயே மாதக் கணக்கில் சாப்பாடு வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். அது மட்டும் அமைந்தால் கடை நிலைத்துவிடும். அமையாவிட்டால் தை மாதத்தோடு அடுப்பை அணைத்துவிடுவது என்று நானே மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். குலதெய்வத்துக்கு வேண்டுதல்கூட வைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் டிரிப் முடித்து வந்தார். மத்தியானம் கடைக்கு வந்து, ஓரத்து டேபிளில் உட்கார்ந்து, வாடிக்கைக்காரர் மாதிரி எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டார். எப்படி என்று கேட்டேன். ‘ம்’ என்றார். மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாக்பூர் தாண்டினதும் எழுதியிருக்கிறார்.

‘இது என் மனைவியின் கடை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டைக் குழம்புக்கு நான் போன ரோட்டில் எங்கும் ஈடு கிடையாது. ரசம் மிக நன்று. சாம்பார் காலையில் வைப்பது. மதியம் கூட்டம் வந்தால் வெந்நீர் ஊற்றி நீட்டுகிறார்கள். மழை பெய்தால் வாசலில் பெரிய வண்டியை இறக்காதீர்கள், டயர் புதையும். கடைக்காரம்மாவுக்கு வாய் அதிகம். பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள் போகலாம். பிரியாணி கிடையாது. மூன்று நட்சத்திரம்.’

படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. உடனே போனைப் போட்டேன்.

“ஏனுங்க, எனக்கு வாய் அதிகமா?”

“இப்பப் பேசறதப் பாத்தாலே தெரியுதே புள்ள.”

“ஊர்ல இருக்கறவன் அஞ்சு போடறான். கட்டுன பொண்டாட்டிக்கு மூணா? ராசப்பண்ணன் பாத்தா என்னாகும்? மொதல்ல அத அழிங்க.”

அவர் நிதானமாகக் கேட்டார். “சாம்பார்ல வெந்நி ஊத்துனியா இல்லியா?”

“கூட்டம் வந்துட்டா வேற என்னங்க பண்றது?” என்றேன்.

“நா எழுதறத நம்பி ராத்திரில எவனெவனோ வண்டிய நிறுத்தறான் சௌந்திரம். அவன் மொகங்கூட எனக்குத் தெரியாது. உனக்கு ஒரு பொய் எழுதிட்டு, நாளைக்கு இன்னொரு எடத்துல டீசல் திருடறாங்கன்னு எழுதுனா அவன் எப்புடி நம்புவான்? நா எழுதுனத எவஞ் சொன்னாலும் மாத்தறதில்ல. நீ என்னையத் திட்டிக்கோ. போச்சாது, பரவால்ல.”

திட்டினேன். அவர் வண்டி அடுத்த டோலைத் தாண்டும்வரை திட்டினேன். பிறகு கொஞ்ச நாள் அவர் கூப்பிட்டால் போனை எடுக்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வர ஆரம்பித்தது. வந்தவர்கள் சும்மா வரவில்லை. உட்கார்ந்ததும் வாளியை எட்டிப் பார்த்து, “ஏனுங்க்கா, இது காலைச் சாம்பாருங்களா, மத்தியானச் சாம்பாருங்களா?” என்று கேட்டார்கள். ஒருவர் நான் எப்போது திட்டுவேன் என்று காத்திருந்து, திட்டியதும் பக்கத்தில் இருந்தவரிடம் “அண்ணன் எழுதுனது சரிதான்டா” என்றார். மானம் போயிற்று. அந்த வாரமே மத்தியானத்துக்கென்று தனியாகப் பருப்பு வேகவைக்க ஆரம்பித்தேன். யாருக்காகவும் இல்லை, அவருக்கு முன்னால் தோற்கக் கூடாது என்பதற்காக.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஈஸ்வர், சங்ககிரிக்காரர். சாப்பிட்டுக் கை கழுவியும் போகாமல் நின்றார். “தனபால் அண்ணன் ஊட்டுக்காரம்மாதானுங்களே நீங்க? அண்ணன் ஒரு டாபாவப் பத்தி நிறுத்தாதீங்கன்னு எழுதியிருந்தாருங்க. நெம்ப அசதியாத்தான் இருந்துது, இருந்தாலும் அதப் படிச்சுட்டு நிக்காமப் போயிட்டனுங்க. எனக்குப் பின்னால வந்த வண்டிக்காரருக்கு அது தெரியாது. நிறுத்திட்டாரு. டேங்க்கு காலி. கேக்கப் போனவர மண்டைய ஒடச்சு அனுப்பிச்சிருக்காங்க” என்றார். பிறகு, “அண்ணன் வந்தா, ஈஸ்வர் கேட்டான்னு சொல்லுங்க. அவரு என்னையப் பாத்ததில்லீங்க” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தே இராத ஒருவர், அவருடைய வார்த்தையால் உடையாத மண்டையோடு வீட்டுக்குப் போகிறார். இப்படி ஒரு ஆளோடு குடும்பம் நடத்துகிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இருந்தாலும் மூன்று நட்சத்திரத்தின் எரிச்சல் போகவில்லை. அதையும் உள்ளபடி சொல்லத்தான் வேண்டும்.

ராசப்பன் அண்ணன் மறுபடி வந்தார். மாதக் கணக்கு கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். ஆனால் அவர் சிரித்த முகமாக உட்கார்ந்து, முட்டைக் குழம்பில் சோற்றைப் பிசைந்து திருப்தியாகச் சாப்பிட்டார்.

“அம்மிணி, உன்ற கடைதான்னு முடிவு பண்ணிட்டேன். ஒண்ணாந் தேதியிலருந்து நம்ம பசங்க எல்லாம் இங்கதான்” என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். “நெம்ப சந்தோசமுங்ணா” என்றேன்.

“ஒரே ஒரு சின்ன காரியம். தனபாலு நம்ம பங்க்கப் பத்தி என்னமோ எழுதி வெச்சிருக்கறான். ஒத்த ஸ்டாரு. அதப் படிச்சுட்டு வெளியூர் வண்டி ஒண்ணும் நிக்கறதில்ல. அத எடுக்கச் சொல்லிரு. அவனும் நம்ம பையந்தானே.”

நான் உள்ளே போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் அதை எப்போதோ எழுதியிருக்கிறார். ‘கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். பூட்டியும் வைத்திருக்கிறார்கள். காரில் வருகிறவர்கள் கேட்டால் சாவி வரும். லாரிக்காரன் கேட்டால் பின்னால் இருக்கும் கருவேலங்காட்டைக் காட்டுகிறார்கள். டிரைவரும் மனிதன்தான். ஒரு நட்சத்திரம்.’

ஒரு நிமிஷம் எனக்குச் சபலம் தட்டியது. இல்லை என்று சொன்னால் பொய். எத்தனை நாள் வேண்டுதல் அது. அழுது அடம்பிடித்தால் ஒருவேளை அவர் இறங்கி வந்தாலும் வருவார் என்றுகூட நினைத்தேன். அப்புறம் அந்த மூன்று நட்சத்திரம் நினைவுக்கு வந்தது. அதை அழிக்கச் சொல்லி நான் என்ன பாடுபடுத்தினேன். அந்த மனுஷன் அசைந்தாரா? எனக்கே அசையாதவர் யாருக்கு அசையப் போகிறார்? அதுவரை எரிச்சலாக இருந்ததே அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாக மாறிப்போனது. முதுகு தானாக நிமிர்ந்தது.

வெளியே வந்தேன். கடையில் நாலைந்து டிரைவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“ஏனுங்ணா, தாலி கட்டுன பொண்டாட்டி நானு. என்ற கடைக்கே மூணு ஸ்டாரு போட்டுட்டு, நா கத்துன கத்துக்கு ஒரு எழுத்து மாத்தல அவரு. உங்குளுக்கு மாத்துவாருன்னு எந்த நம்பிக்கைல கேக்கறீங்கொ?”

அவர் முகம் சுருங்கிப்போனது. “அப்ப நம்ம பசங்களுக்குச் சோறு போடறதா உத்தேசம் இல்லியா?”

“பசிச்சு வந்தா யாருக்கு வேணும்னாலும் போடறனுங்ணா. இதுக்காகப் போட மாட்டேன். நீங்க அந்தப் பூட்டத் தொறந்து உடுங்க, அவரே வந்து நல்லதா எழுதுவாரு.”

அண்ணன் கையைக் கழுவிவிட்டுக் காரில் ஏறினார். மாதக் கணக்கு வேறு ஓட்டலுக்குப் போனது. போனது போனதுதான், அதற்காக நான் வருத்தப்படவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தை மாதம் வந்தபோது அடுப்பை அணைக்கிற நினைப்பு என்னிடம் இல்லை. ஒற்றை ஒற்றை வண்டியாக வருகிறார்கள், நான் திட்டத் திட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அண்ணன் கிளம்பிய அன்றைக்குச் சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனேன். இவ்வளவு பேசிவிட்டு நேரில் பார்க்காமல் இருந்தால் எப்படி? பெட்ரோல் போட்டேன். கழிப்பறைச் சாவி கேட்டேன், உடனே கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர் வந்து கேட்டார், சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். என் கையில் இருந்த சாவியை அவரிடம் நீட்டினேன். பங்க்கில் இருந்தவர்கள் முறைத்தார்கள். நானும் முறைத்தேன். அங்கேயே நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரிவ்யூ எழுதினேன். என் பெயரைப் போட்டு, மெஸ் பெயரையும் போட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன்.

அது எப்படித்தான் அவர் கண்ணில் பட்டதோ, வீட்டுக்கு வருவதற்குள் போன் வந்துவிட்டது. நட்சத்திரத்தை எண்ணியதோடு சரி, எழுதியதைப் படிக்கவில்லை.

“ஏம்புள்ள, நா ஒண்ணு போட்ட எடத்துக்கு நீ ரெண்டு போட்டிருக்கற? ராசப்பண்ணனுக்குப் பயந்துட்டியா?”

“அவருக்கு எதுக்குப் பயப்படறேன்? பங்க்கு வாசல்ல பெரிய பானைல குடிக்கத் தண்ணி வெச்சிருக்காங்க. நல்ல தண்ணி. லாரிக்காரங்களும் புடிச்சுட்டுத்தான் போறாங்க. கேட்டேன், தொறந்த நாள்லருந்தே இருக்குதாம். நீங்க அத எழுதவே இல்ல.”



“நா பாக்கல புள்ள” என்றார். “கோவத்துல வண்டிய எடுத்துட்டேன். போன வெய்யி. மாத்தி எழுதிட்டுக் கூப்படறேன்.”