வெளியே போனதாக ஒரு கையெழுத்து

பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கும் கதவுக்காரர் செத்தாலும் நஷ்டத்துக்குச் சாகமாட்டார் என்பது கடைத்தெருவில் பழகிப்போன பேச்சு. அந்த மனிதர் இடிக்கப்போகும் ஒரு பழைய விடுதியில் கதவு பார்த்துவிட்டு, பதினொரு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றரை ஆகியும் போன் அடித்துக்கொண்டே இருந்ததே தவிர, எடுக்க ஆளில்லை. அவர் மனைவி கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு, பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த அந்தத் தங்கும் விடுதியின் வாசலுக்கு ஓடிவந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு இடிப்பு. இயந்திரம் இப்போதே உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்காரு. நிறுத்தச் சொல்லுங்க!"

காவலாளி நோட்டை விரித்தார். "இல்லம்மா. ஓனர் கடிதத்தைக் காட்டி, தலைக்கவசம், பூட்ஸ் வாங்கிட்டு ஒன்பதுக்கு உள்ள போனாரு. பத்தரைக்கு வெளிய போயிட்டாரு. இதோ கையெழுத்து."

"போனதை நீங்க பார்த்தீங்களா?"

"லாரிக்கு வழிகாட்டப் பின்பக்கம் போயிருந்தேன். நோட்டு பொய் சொல்லுமா?"

நோட்டு சொல்லாது, எழுதினவர் சொல்லுவார். அவளுக்கு அவரைத் தெரியும். சரக்கு வண்டி தெருமுனை திரும்பும் முன்பே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுகிற மனிதர். 'இதுக்கு ஒருதரம், அதுக்கு ஒருதரமா? ஒரே மூச்சுல முடிப்போம்' என்பார்.

"உள்ள போறப்பவே, வெளிய போற நேரத்தையும் எழுதி, ரெண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பாருண்ணே!"

"உன் பேச்சை நம்பி நிறுத்தினா மேஸ்திரி என் தோலை உரிச்சிடுவாரும்மா."

அவள் கண் காவலாளியின் சின்ன அறையைத் துழாவியது. பெஞ்சுக்கடியில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடந்தது. பூட்ஸ் மாட்டுகிறவர்கள் கழற்றி வைக்கும் இடம்.

"இதை அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கினாரு. கடைக்காரன் அழாத குறை. உயிரை விட்டாலும் விடுவாரு, இதை விட்டுட்டு..." முடிக்காமலே குனிந்து செருப்புகளை எடுத்துக்கொண்டாள்.

காவலாளியின் முகம் வெளுத்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார். விசில் சத்தத்தை இயந்திரம் விழுங்கிவிட்டது. செருப்புகளைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டியபடி அவள் அதன் முன்னால் போய் நின்றாள். இரும்புக்கை சுவரில் ஒரு வாய் கடித்து, அப்படியே நின்றது.

தூசி அடங்கியது. மேலே எங்கோ மரத்தில் கல் தட்டும் ஓசை. டொக். டொக்.

தரைத்தளத்துக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் நல்ல கதவுகள் மாடியில் இருந்தன. உளுத்த பலகைத் தரை அவர் எடையைத் தாங்கவில்லை. வலது கால் தொடைவரை இறங்கிச் சிக்கிக்கொண்டது. போன் அந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

மீட்புக்காரர்கள் கோலால் தட்டித் தட்டி, சுவரோரமாகவே நடந்து போனார்கள். பலகையை அறுத்து, அவர் ஆசைப்பட்ட கதவொன்றிலேயே கிடத்தித் தூக்கிவந்தார்கள்.

"எவ்வளவு கத்தினேன்... யாரும் வரலையே..." என்றார் அவர். சுண்ணாம்புத் தூசியில் உதடு வெளிறியிருந்தது.

"வரமாட்டாங்க. நீங்கதான் வெளிய போயிட்டீங்களே" என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

ஆம்புலன்ஸ்காரர் பூட்ஸை வெட்டி எடுத்து, காலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் துணியை இழுத்து மூடினார்.

"தம்பி, காலு?"

"முதல்ல வண்டியில ஏறுங்கம்மா."

ஏறினாள். இரண்டு செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.