ஒம்போதுங்க

பனியன் வாங்கிக் கொடுத்தவனுக்கே அந்தப் பனியனால் அவமானம் வந்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வராதா?

மீனாட்சிபுரத்தில் பொங்கல் நோம்பிக்குச் சின்னப் பிள்ளைகள் கபடி உண்டு. என் தம்பி சிவப்பிரகாஷும் அவன் துணை சுதீப்பும் கோயமுத்தூரில் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்து நோம்பிக்கு வரவழைத்தது இதுதான் முதல் தடவை. சும்மா இல்லை, கெஞ்சி, திட்டி, அழுது வரவழைத்தேன். வரும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மூட்டை பனியன் கொண்டு வந்தார்கள். முதுகில் நம்பர் போட்ட மஞ்சள் பனியன்.

எல்லா நம்பரும் பறந்தன. ஒன்பது மட்டும் மூட்டையில் கிடந்தது.

"அய்யே! அதை எவன் போடுவான்?" என்றான் ஜினோ. எங்கள் அணித் தலைவன்தான். மற்றதுகள் கிளுகிளுவென்று சிரித்தன.

நடுவர் நஞ்சப்பன் அண்ணன் கையில் மைக் வேறு. "கொண்டாந்தவங்களுக்கே குடுத்துருங்கப்பா, பொருத்தமா இருக்கும்" என்றார். தென்னந்தோப்பு முழுக்கக் கேட்டது.

சிவப்பிரகாஷ் தரையைப் பார்த்தான். சுதீப் பையைத் தோளில் மாட்டினான். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரன், கோபத்தைக்கூடப் பதவிசாகத்தான் காட்டுவான்.

"அடுத்த பஸ்ஸுக்கு நாங்க கெளம்பறோம் அக்கா. நல்ல நாளும் அதுவுமா உங்களுக்கு ஒரு சங்கடம் வேண்டாம்."

இன்றைக்குப் போனால் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நஞ்சப்பன் அண்ணனை நாலு கேள்வி கேட்கலாம் என்று புடவையை இழுத்துச் செருகினேன். அதற்குள் என் மகள் செல்வப்பிரியா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் கிளாஸ் படிக்கிறாள்.

"அம்மா, ஒம்போதுன்னா என்ன?"

மழுப்பலாம்தான். எனக்கு அந்த வித்தை வராது.

"ஆம்பளையும் ஆம்பளையும் ஆசையாச் சேந்து வாழ்ந்தா, இல்ல ஒருத்தரோட நடை உடை வேற மாதிரி இருந்தா, அவங்களக் கேலி பண்றதுக்கு வெச்ச பேரு கண்ணு."

"மாமாவையும் சுதீப் மாமாவையுமா?"

"ஆமா."

"அவங்க என்ன பண்ணுனாங்க?"

"என்ன பண்ணுனாங்க? உங்களுக்குப் பனியன் வாங்கிட்டு வந்தாங்க."

பிடித்திருந்த முந்தானையை விட்டாள். பிறகு தன் நாலாம் நம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூட்டையிலிருந்து ஒன்பதை எடுத்து மாட்டிக்கொண்டாள். முழங்கால் வரைக்கும் தொங்கியது.

ஆட்டம் தொடங்குமுன் நஞ்சப்பன் அண்ணன் மைக்கில் விதி சொன்னார். "சடுகுடுவோ கபடியோ, என்னத்த வேணா பாடுங்க. மூச்சு மட்டும் உடையக் கூடாது!"

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப்புறம் நின்று "ஒம்போது! ஒம்போது!" என்று இவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஆடினார்கள். எங்கள் பக்கம் ஆறு பாயிண்ட் ஆனபோது இவள் முறை வந்தது. மூச்சை இழுத்தாள். கோட்டைத் தாண்டினாள்.

"ஒம்போது ஒம்போது ஒம்போது ஒம்போது..."

அடி ஆத்தி! நான் வாயில் கை வைத்தேன்.

எதிர் அணி திகைத்துப்போனது. "போங்காட்டம்! கபடின்னுதான் சொல்லோணும்!" என்று மூன்று பிள்ளைகள் நடுவரிடம் திரும்பி முறையிட்டார்கள். அவரால் என்ன செய்ய முடியும்? நுணலும் தன் வாயால் கெடும். மூச்சு உடைகிறதா என்று அவள் வாய்ப்பக்கம் காதை வைத்துக்கொண்டு, குனிந்தபடி கூடவே ஓடினார். அந்தச் சொல்லை அத்தனை பக்கத்தில் அவர் கேட்டிருக்க மாட்டார். முறையிட்ட மூன்று பேரையும் செல்வப்பிரியா தொட்டுவிட்டுத் திரும்பி வந்து விழுந்தாள்.

"ஒம்போது! ஒம்போது!" என்று எங்கள் பக்கத்தில் குதித்தது யார் என்கிறீர்கள்? ஜினோவேதான்! எதிர் அணி கப்சிப். இனி எப்படிக் கத்துவார்கள்? கத்தினால் அது இவளுக்குக் கைதட்டல் ஆகிவிடுமே.

எனக்குக் கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

நஞ்சப்பன் அண்ணன் மூச்சு வாங்க மைக்கைத் தூக்கினார். "மூணு பாயிண்ட்டு! நம்மூரு மொத்தம்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். ஆறும் மூன்றும் எத்தனை என்று தோப்புக்கே தெரியும். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். அவர் சுதீப்பைப் பார்த்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒம்போதுங்க" என்றார்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. சுதீப் பையைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்தது யாரு போறா?" என்று கேட்டான்.