கதவு சாத்தியிருக்கும் நேரம்

1

காலையில் எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து வைக்கிறான். மேசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறான். ஃபேனை நிறுத்துகிறான். ஜன்னலைச் சாத்துகிறான். விரலிடுக்கு விடாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறான். ஈரக் கையோடு நிற்கும்போதுதான், இந்த வீட்டில் இனி யாருக்கும் இதெல்லாம் தேவையில்லை என்பது ஞாபகம் வருகிறது.

இந்தக் கதை அந்த வாஷ்பேசின் முன்னால் தொடங்கியது. 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வரி தாண்டவில்லை. ஆகவே அவன் தனபால். அவன் மனைவி லோகப்பிரியா. அவள் பெயரை மட்டும் மாற்றவில்லை.

2

(தகவல் பத்தி. தாண்டிப் போகலாம்.) சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். பையைக் குழாயில் மாட்டுகிற நேரம்தான் ஆபத்து. மூச்சுக்காற்றிலிருக்கும் கிருமி போதும்.

பயிற்சி கொடுத்த நர்ஸ் லாஸ்யா சொன்னாள்: "அக்கா, மாட்டறப்ப சாமியே வந்தாலும் கதவத் தொறக்காதீங்க. மாஸ்க்க எறக்காதீங்க."

"சாமி வந்தாச் சமாளிச்சுக்கலாமுங்க சிஸ்டர். எங்க மாமியா ஊட்டு ஜனம் வந்தா?"

லாஸ்யா சிரித்துவிட்டாள். தனபாலும்.

3

முதல் வரைவு. தனபால் பம்ப்செட் கம்பெனிக்குப் போயிருந்தான். அவனுடைய பெரியம்மா சென்னியம்மாள் கோபியிலிருந்து வாழைத்தாரோடு வந்து கதவைத் தள்ளினார்.

"ஏங்கண்ணு, பட்டப்பகல்ல கதவச் சாத்திப்போட்டு என்ன பண்றே?"

லோகப்பிரியாவின் கையில் மூடி கழற்றிய குழாய். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். சிரித்தாள்.

"வாங்க பெரிம்மா. உக்காருங்க. இதா ஆச்சுங்க."

எங்கள் பக்கத்தில் வந்தவர்களை முகம் பார்த்து 'வாங்க' என்று கேட்காமல் விட்டால் [இதை விளக்கினால் கட்டுரையாகிவிடும்.]

சில நாளில், வடிந்த நீர் கலங்கலாக வந்தது. பிறகு காய்ச்சல்.

"கிருமி என்னைக்கு உள்ள போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க தம்பி" என்றார் டாக்டர்.

ஆக, அன்றைய 'வாங்க' காரணமாக இல்லாமலும் இருக்கலாம். காரணமில்லாமல் கதை நிற்காது என்று அதை நான் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா பாவம்.

4

இரண்டாம் வரைவில் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தேன். பெரியம்மா தட்டுகிறார். உள்ளிருந்து பதிலில்லை. லோகப்பிரியா நிதானமாகப் பையை மாட்டுகிறாள். நீர் தெளிவாக வடிகிறது. அவள் பிழைத்துக்கொள்கிறாள்.

ஆனால் வாசலில் ஆள் நிற்க, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியவில்லை. அவளோடு ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தியதில்லை.

மூன்றாவதில், மாஸ்க்கோடே தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவள்

இல்லை. அவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

5

குழாயை எடுத்துவிட அவளை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவள் கண் திறக்கவில்லை. ஆகவே கடைசிப் பேச்சு, உள்ளே போகுமுன் தியேட்டர் வராந்தாவில்தான்.

அவள் தனபாலின் கையைப் பிடித்து "தைரியமா இருங்க" என்றாள் என்று முடிக்கலாம். ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள் என்றும் முடிக்கலாம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்ட வரைவு பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் பல நாள் அங்கேதான் நிறுத்துகிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான். பெஞ்சில் பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். லோகப்பிரியா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாக,

"ஏனுங்க, பெரிம்மா வந்து எந்நேரமாச்சு? காப்பி கீப்பி வாங்கிக் குடுத்தீங்களா?"