நீ கற்றது அது அல்ல

நர்சிங் மாணவிகளுக்கு ஒரு வாரப் படிப்புப் பயணம், வெளிநாட்டில். முதியோர் வார்டில் ஒரு மூதாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்க அங்குள்ள நர்ஸ் ஆயத்தமானாள். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் மாணவியைப் பார்த்துக் கையசைத்தாள். வா, பிடி.

நெட்டை ஓரடி வைத்தாள். மாணவிகளை அழைத்து வந்திருந்த மேடம் குறுக்கே வந்தார்.

"இரும்மா. முதல்ல நான் விளக்கிடறேன்."

விளக்கினார். மூதாட்டியின் தோளுக்கடியில் கை கொடுத்தபடி நர்ஸ் காத்திருந்தாள். பிறகு தனியாகவே புரட்டிவிட்டாள். மேடம் அப்போதுதான் பயணத்தின் இரண்டாவது நோக்கத்துக்கு வந்திருந்தார்.

மாலையில் விடுதிக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவரவர் கற்றதைச் சொல்ல வேண்டும்.

"தொடறதுக்கு முன்னாடி அந்த நர்ஸ் கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கிட்டாங்க மேடம்," என்றாள் நெட்டை.

"நீ கத்துக்கிட்டது அது இல்லம்மா."

"வேற என்ன மேடம்?"

"யோசி. ஏர்போர்ட்லயே சொன்னேனே."

பக்கத்தில் இருந்த தூங்குமூஞ்சி கொட்டாவியோடு கிசுகிசுத்தாள். "பன்முகப் பண்பாட்டுத் திறன்டி. சொல்லித் தொலை, பசிக்குது."

மறுநாள் கடைசி நாள். ஒருத்தியை மட்டும் படுக்கையருகே விடுவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். யாரென்று மேடம்தான் முடிவு செய்வார். நெட்டை இதுவரை புரட்டியதெல்லாம் லேப் பொம்மையைத்தான். பொம்மைக்கு வலிக்காது.

"பன்முகப் பண்பாட்டுத் திறன், மேடம்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "பாருங்க, பயணம்னா இதான். யாரும் சொல்லித் தரல. தானா வந்துடுச்சு."

தூங்குமூஞ்சியின் முறை வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

காலையில் மேடம் நெட்டையின் தோளில் கை போட்டார். "நீ என்னோட வா. நேத்து சொன்னதை ஆஸ்பத்திரி டைரக்டர் முன்னாடி அப்படியே சொல்லணும்."

"மேடம், வார்டுக்கு..."

"அங்க தூங்குமூஞ்சி போகட்டும். அவதான் இன்னும் ஒண்ணும் கத்துக்கல."

டைரக்டர் அறையில் நாற்காலிகள் மெத்தென்றிருந்தன. நெட்டை சொன்னாள். கைதட்டினார்கள். போட்டோவுக்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னார் மேடம்.

வெளியே வந்தபோது தூங்குமூஞ்சி எதிரே வந்தாள். முழங்கை வரை ஈரம்.

"என்னடி ஆச்சு?"

"முதல்ல தப்பாப் பிடிச்சுட்டேன். பாட்டி கத்திட்டாங்க. அப்புறம் அந்தப் பாட்டியே என் கையை எடுத்துச் சரியான இடத்துல வச்சாங்க."

"எந்த இடத்துல?"

தூங்குமூஞ்சி யோசித்தாள். "வாயில வர மாட்டேங்குது. நீ படு, காட்டறேன்."

உள்ளே மேடம் டைரக்டரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நெட்டை நடைக்கூடத்து பெஞ்சில் படுத்தாள்.